உலக முடிவுக்கு அலாரம் வச்சவனுக்கு

ஏன்டா தம்பி, ஹோட்டன் சமவெளிக்குப் போறியாமே? கொழும்புலருந்து வந்து, நுவரெலியாவுல ரூம் போட்டு, விடியக் காலம்பற மூணு மணிக்கு அலாரமாம், வாசல்ல ஜீப்பாம். எதுக்கு? உலக முடிவைப் பாக்க. உலகம் முடியிற எடத்துக்கு இம்புட்டு அவசரமா ஓடுற ஆளை இப்பத்தான்டா பாக்குறேன்.

காரணம் இல்லாம இல்ல. ஒம்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிரும். உலக முடிவுன்னு பேரு வச்ச, 800 மீட்டருக்கு மேல செங்குத்தா எறங்குற பாறைக்கு முன்னால வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஆயிரும். உடனே காசு வீணாப்போச்சுன்னு ஒப்பாரி. பனி உன் வீட்டுக்கு வந்துச்சா, நீ அது வீட்டுக்குப் போனியா?

வாசல்ல ஒரு கூத்து நடக்கும் பாரு. பையைப் பிரிச்சுப் பொலித்தீனையெல்லாம் வாங்கி வச்சிருவாங்க. தண்ணிப் போத்தல்ல ஒட்டியிருக்க லேபிளையும் உரிச்சுருவாங்க. பிஸ்கட்டைக் கடதாசியில கொட்டிக் குடுத்ததும் நம்ம வீரருக்கு மூஞ்சி சுருங்கிரும். ரெண்டு ரொட்டியைச் சுட்டு, சம்பலோட வாழையிலையில கட்டிக்கிட்டுப் போனா உன்னை எவன் கேக்கப் போறான்? அப்புறம் அந்த நடைக்கம்பு வேற, ரெண்டு கையிலயும். ஒம்பது கிலோமீட்டர் சுத்துப்பாதைடா அது. உங்க பாட்டி கொழுந்துக் கூடையோட ஏறாத ஏத்தமா?

வழியில பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி. சாமுவேல் பேக்கர்னு ஒரு தொரை, வேட்டை நாயை விட்டு மரையை முடுக்குனவரு. அருவி அவரு பேருல. அதுல காலங்காலமாத் தண்ணி குடிச்ச மரை பேருல ஒண்ணுமில்ல! யானையும் இருந்துச்சு அங்க. தொரைமாரு சுட்டே தீத்தாங்க. 1988ல தேசியப் பூங்கா ஆச்சு. இப்ப நீ போயி, "மிருகத்தையே காணோமே"ங்குற. மிச்சம் இருக்கிற மரை வண்டி நிக்கிற எடத்துல வந்து உன் பையை மோந்து பாக்கும். நீட்டிறாத. அதுக்குப் புல்லு போதும்.

புல்லுன்னதும் ஞாபகம் வருது. அதுக்கடியில சதசதன்னு தண்ணி ஊறி நிக்கும். புதுச் சப்பாத்து நனைஞ்சிருச்சேன்னு திட்டுவ பாரு, அந்தத் தண்ணியத்தான் சொல்றேன். மகாவலி, களனி, வளவை மூணுக்கும் அந்த மேட்டுலருந்துதான் தண்ணி போகுது. நீ திட்டுற மூடுபனி இருக்கே, அது மரத்துப் பாசியில பட்டுச் சொட்டுறதும் அதுல சேத்தி. பேக்கர்ஸ்ல விழுற பெலிஹுல் ஓயா கீழ போயி, சமனலவெவ அணைக்கட்டுல வளவையோட கூடிக் கரண்டு குடுக்குது. ராத்திரி பூரா போனுக்குச் சார்ஜ் போட்டியே, அந்தப் பனியில ஒரு சொட்டாவது அதுக்குள்ள இருக்கும். அதே போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு "பனி மறைச்சிருச்சு"ன்னு அழுவு!

சரி, உனக்கு அதிர்ஷ்டம் இருந்து பனி வெலகுச்சுன்னு வையி. அம்புட்டுப் பேரும் வாயைப் பொளந்துக்கிட்டு எட்டிப் பாப்பாங்க. என்ன தெரியும்ங்கிற? பாதாளத்துல தேயிலை மலை. நடுவுல வரிசையா லயம். தூக்கங்கெட்டு, டிக்கட் வாங்கி, ஜீப்பு ஏறி நீ பாக்கப்போறது நம்ம வீட்டைத்தான்டா. பாக்குறதுதான் பாக்குற, நல்லாக் கண்ணைச் சுருக்கிப் பாரு. காத்துக்கு நம்ம கூரைத் தகரம் பேந்துருச்சான்னு ஒரு போனைப் போட்டுச் சொல்லு.