தாளடிப் பட்டம்
தஞ்சை வட்டாரத்தில் பட்டம் இருவகை: விதைக்கும் பருவம் ஒன்று, பல்கலைக்கழகம் தருவது மற்றொன்று. குறுவை அறுத்த வயலில் தாளடி நட யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. மேட்டூரில் தண்ணீர் இருந்தால் போதும். மற்றப் பட்டம் அப்படியல்ல: ஒரு முதுகலை முடித்தவர் இரண்டாவது முதுகலையில் சேரத் தண்ணீர் போதாது, தாள் வேண்டும். தகுதியாகப் பொதுவாகப் பார்க்கப்படுவது இளங்கலை மதிப்பெண்தான். இரண்டு ஆண்டு பாடுபட்டு வாங்கிய முதல் முதுகலை உறையிலேயே உறங்கும். அதன் மாற்றுச் சான்றிதழை மட்டும் அசலாகக் கேட்பார்கள்.

ஒரே சமயத்தில் இரண்டு படிப்பு படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் வழிவிட்டது. இரண்டும் நேரடி வகுப்பென்றால் நேரம் மோதக்கூடாது. ஒன்று தொலைநிலையாகவும் இருக்கலாம். முனைவர் பட்டம் இதில் சேராது. எத்தனை பட்டம் வாங்கினாலும் விலைபோக வேண்டுமே. நெல்லானால் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருந்தால் கொள்முதல் நிலையம் எடுத்துக்கொள்ளும். பட்டத்துக்கு அப்படியொரு நிலையம் டெல்டாவில் இல்லை.