பேராண்டி வாங்கின மார்க்கு

ஏன் கண்ணு, மூஞ்சி இப்படித் தொங்குது? ராயக்கோட்டையிலேர்ந்து பஸ் மாறிப் பஸ் ஏறி, பெங்களூர் சில்க் போர்டு சிக்னல்ல ஒரு மணி நேரம் தவம் கெடந்து, ஒரு கூடை தக்காளியும் ரெண்டு படி ராகி மாவும் தூக்கிட்டு உன் எச்எஸ்ஆர் லேஅவுட்டு வீட்டுக்கு வந்திருக்கேன். "வாங்க தாத்தா"ன்னுட்டு செல்போனையே பார்த்துப் பெருமூச்சு விடறே. என்னடான்னு கேட்டா, வீட்டுக் கடனுக்கு எழுதிப் போட்டியாம். பேங்க்காரர் உன் சிபில் ஸ்கோர் 642, கொஞ்சம் யோசிக்கணும்னுட்டாராம்.

900க்கு 642ன்னா நூத்துக்கு எழுபது வருதே, பாஸ்தானேன்னு கேட்டேன். அழுவறதா சிரிக்கறதான்னு தெரியாம ஒரு சிரிப்பு சிரிச்சே. இந்தப் பரீட்சையில பூஜ்யமே கெடையாதாம். மொதல் படியே 300 ஆம். 750க்கு மேல இருந்தாத்தான் பேங்க்ல நாற்காலி போட்டு உக்கார வைப்பாங்களாம். அது சரி, வெறும் பேப்பர் குடுத்தவனுக்கும் 300 மார்க்கு போடற வாத்தியாரு எங்க காலத்துல இல்லாம போயிட்டாரே.

கெழவனுக்கு சிபில் எப்படித் தெரியும்னு பார்க்கறியா? கூட்டுறவு சங்கத்துல கொஞ்ச வருஷம் டைரக்டரா இருந்தவன்டா நானு. 2025-ல பயிர்க்கடனுக்கும் சிபில் அறிக்கை பார்க்கணும்னு சங்கங்களுக்குச் சுற்றறிக்கை வந்து, விவசாயிங்க எல்லாம் கொடி புடிச்சாங்களே, அப்பத்தான் மொதமொதல்ல அந்தப் பேரைக் கேட்டேன். புறாவுக்காகத் தொடைச் சதையை அறுத்துத் தராசுல வச்சாரே சிபிச் சக்கரவர்த்தி, அவரு வம்சமோன்னு நெனைச்சேன். அப்புறம் உன் கார்டு வட்டியைக் கேட்டதும், சம்பந்தம் இருக்கத்தான் இருக்குதுன்னு தோணிச்சு.

சிபில்ங்கறது ஒரு கம்பெனிப் பேரு, அவ்வளவுதான். 2000-ல ஆரம்பிச்சது. நகல் எடுக்கறதுக்கெல்லாம் ஜெராக்ஸ்னு பேரு வச்ச மாதிரி, கடன் மார்க்குக்கெல்லாம் சிபில்னு பேரு வந்திருச்சு. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ஹைமார்க்னு இன்னும் மூணு பேரு அதே யாவாரம் பண்றாங்க. நாலு பேரும் வருஷத்துக்கு ஒரு தடவை உன் முழு அறிக்கையைக் காசு வாங்காம குடுக்கணும், 2017-லேர்ந்து ரிசர்வ் வங்கி உத்தரவு. நீ இதுவரைக்கும் எத்தனை தடவை வாங்கிப் பார்த்தே? பார்த்தா மார்க்கு கொறையும்னு பயந்தியா? கண்ணாடி பார்த்தா அழகு கொறையுமாடா? அடுத்தவன் கடன் குடுக்கறதுக்காகப் பார்த்தாத்தான் கொறையும். நீ பார்த்தா ஒண்ணும் ஆவாது.

"மாசம் ஒண்ணே முக்கால் லட்சம் சம்பளம் வாங்கற எனக்கா இந்த மார்க்கு?"ன்னு பொங்கினியே, அங்கதான் ராசா நீ தப்புப் பண்றே. உன் சம்பளம் அந்த மார்க்குல சேர்த்தியே இல்லே. பேங்க்ல போட்டு வச்சிருக்கற டெபாசிட்டும் சேராது. நம்மூரு மளிகைக் கடை நோட்டு ஞாபகம் இருக்குதா? முப்பது ஏக்கர்க்காரரு வந்து ஒரு மூட்டை அரிசி கேட்டா, கடைக்காரரு, "சரக்கு தீந்து போச்சுங்களே"ன்னு கையைப் பிசைவாரு. பின்னாடியே மோர் விக்கற கெழவி வரும். மூட்டையை அவரே தோள்ல தூக்கிட்டுப் போய்த் திண்ணையில வைப்பாரு. கெழவி சனிக்கெழமை சந்தை முடிஞ்சா நேரா கடைக்கு வந்துட்டுத்தான் வீட்டுக்குப் போவும். பெரிய மனுசரு பொங்கலுக்குப் பொங்கல் பார்த்துக்கலாம்பாரு. கடைக்காரருக்கு முப்பது ஏக்கர் எதுக்கு, அதுல உழவா போறாரு? உன் பேங்க்காரர் "யோசிக்கணும்"னாரே, அதுக்கும் அர்த்தம் சரக்கு தீந்து போச்சுங்கறதுதான்.

சரி, அந்த அறிக்கையைத் தெறந்து படி. என் கண்ணாடி ஊர்லயே மறந்து போச்சு. மறந்ததே நல்லது, உன் வாயாலயே வரட்டும்.

முப்பத்தாறு மாசத்துக்குக் கட்டம் கட்டமா இருக்குதுன்னே. சோழி உருட்டற கட்டமா? கெடுவைத் தாண்டி எத்தனை நாள்ங்கற கணக்கா? ரெண்டு கட்டத்துல 34, 61னு இருக்குதே, அது என்ன கடன்? 749 ரூபாயா? "இப்ப வாங்கு, அப்புறம் குடு"ன்னு பிரியாணி வாங்கித் தின்னதா? அடேய், பிரியாணி செரிச்சு மூணு வருஷம் ஆச்சு, அதோட எலும்பு இன்னும் உன் அறிக்கையில நிக்குது பாரு. "சின்னத் தொகைதானே தாத்தா"ங்கறே. மிஷினுக்கு சிறுசு பெருசு பார்க்கற கண்ணு கம்மி, தேதி பார்க்கற கண்ணு ஜாஸ்தி. நம்ம கடைக்காரராவது, வீட்ல சாவுன்னா ரெண்டு வாரம் கேக்க மாட்டாரு. இது கேக்கும். ஒரே ஒரு எரக்கம் வச்சிருக்குது: கிரெடிட் கார்டுக்குக் கெடு தாண்டி மூணு நாள் வரைக்கும் உன்னைத் தவறினவன்னு எழுதக் கூடாதுன்னு 2022-ல ரிசர்வ் வங்கி சொல்லிருச்சு. அந்த மூணு நாளை மாமனார் வீட்டு விருந்து மாதிரி நெனைச்சுக்காதே, ஆட்டோ டெபிட்டைப் போட்டு வை.

கார்டுக்கு வரம்பு 2 லட்சம், மாசா மாசம் பில்லுல நிக்கறது 1 லட்சத்து 80 ஆயிரம். "முழுசா கட்டிருவேன் தாத்தா"ன்னு நெஞ்ச நிமித்தறே. நெசமாவே முழுசா கட்டினாலும், பில்லு போடற அன்னிக்கு நீ கழுத்து வரைக்கும் கடன்ல நிக்கறதாத்தான் சிபிலுக்குப் போவும். கெணறு நெறைய தண்ணி இருந்தாலும் மூணுல ஒரு பங்குக்கு மேல எறைக்காதவனைத்தான் அவங்களுக்குப் புடிக்கும். பில்லுக்கு முன்னாலயே பாதியக் கட்டிரு. இல்லே, வரம்பை ஏத்திக் கேளு. ஏத்திக் குடுத்ததும் புதுச் செல்போன் வாங்கப் போறவன்னா கேக்காதே.

ஆனா முழுசா கட்டலியே கண்ணு நீ! ஏழு மாசமா "மினிமம் டியூ"தான் கட்டியிருக்கே. பேரு வச்சான் பாரு! அதைக் கட்டினா தவறினவன்னு எழுத மாட்டாங்க, வாஸ்தவம். மாசத்துக்கு என்ன வட்டின்னே? மூணே முக்காலா? மூணே முக்கால் வட்டிக்கு ஊர்ல எவனாவது குடுத்தா, "தாத்தா, அது கந்து வட்டி, 2003-லயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு"ன்னு எனக்குப் பாடம் நடத்துவே. இங்க வருஷத்துக்கு 45, அதுக்கு மேல ஜிஎஸ்டி வேற. 30 பர்சென்ட்டுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2008-ல தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு கோடு கிழிச்சது. 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கோட்டை அழிச்சிருச்சு. நம்மூரு வட்டிக்காரனாவது சைக்கிள்ல வீட்டு வாசலுக்கு வருவான், தூரத்துலயே மணிச் சத்தம் கேட்டுக் கொல்லைப் பக்கமா ஓடலாம். உன் வட்டிக்காரன் உன் சட்டைப் பையிலயே குடியிருக்கான்.

அடுத்தது என்ன? "செட்டில்டு"ன்னு இருக்கா? 31,000 பாக்கிக்கு 18,000 வாங்கிட்டு விட்டுட்டாங்கன்னு அன்னிக்கு எனக்கு போன் போட்டுச் சொன்னியே, பெரிய கெட்டிக்காரத்தனம் பண்ணின மாதிரி. 2021-ல சர்க்காரு 12,110 கோடி பயிர்க்கடனைத் தள்ளுபடி பண்ணிச்சு, அதுல நம்ம ஊருக்காரங்களும் இருந்தாங்க. அந்த நெனைப்புல நீயும் தள்ளுபடின்னு நெனைச்சுட்டே. மழை பொய்ச்சுப் போனவனுக்குக் குடுத்தது வேற, மால்ல ஷூ வாங்கினவனுக்கு விட்டுக் குடுத்தது வேற. "செட்டில்டு"ன்னா, "பையன் முழுசா தர மாட்டேன்னான், கெடைச்ச வரைக்கும் ஆதாயம்னு விட்டோம்"னு அர்த்தம். அடுத்தவன் படிச்சுப் பார்க்கட்டும்னு எழுதி வச்ச சேதி அது. போய் அந்த மீதி 13,000 எவ்வளவு ஆயிருக்குதுன்னு கேட்டுக் கட்டு. கட்டினதுக்குப் பாக்கி இல்லேங்கற கடுதாசி வாங்கு. அந்த வார்த்தையை "க்ளோஸ்டு"ன்னு மாத்தச் சொல்லு. கடுதாசி வாங்காம வந்தே, வாசல்ல விட மாட்டேன். உன் வாசல்தான், இருந்தாலும் விட மாட்டேன்.

அப்புறம் போன மாசம், ஒரே ராத்திரியில அஞ்சு பேங்க்குக்கு எழுதிப் போட்டிருக்கே. ஒரே முகூர்த்தத்துல அஞ்சு வீட்ல பொண்ணு பார்த்து பஜ்ஜி தின்னவனுக்கு எந்த வீட்ல பொண்ணு குடுப்பாங்க? ஒவ்வொருத்தரும் உன் அறிக்கையைத் தெறந்து பார்த்ததும் பதிவாகும். "இவ்வளவு அவசரமா அலையறானே, என்ன கஷ்டமோ"ன்னு ஆறாவது ஆளு கதவைச் சாத்திருவாரு.

பொண்ணுன்னதும் ஞாபகம் வருது. 2025 பிப்ரவரியில மகாராஷ்டிராவுல, அகோலா பக்கம் முர்த்திசாபூர்னு ஒரு ஊரு. கல்யாணப் பேச்செல்லாம் முடியற நேரம், பொண்ணோட மாமா எழுந்து, "மாப்பிள்ளை சிபிலைக் காட்டுங்க"ன்னுட்டாராம். பார்த்தா பல எடத்துல கடன். சம்பந்தம் முறிஞ்சு போச்சுன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. பத்துப் பொருத்தத்தோட இதையும் சேர்த்துப் பதினோராவது பொருத்தமாப் பார்க்கலாம்னு நம்ம ஜோசியருகிட்டச் சொன்னேன். அவரு பேச்சை மாத்திட்டாரு. அவருக்கும் ஏதோ தவணை இருக்குது போல.

வேலையும் போவும்டா. ஒருத்தருக்குக் குடுத்த உத்தியோகத்தை மோசமான கடன் அறிக்கைக்காக ஸ்டேட் பேங்க் ரத்து பண்ணினதை, 2025 ஜூன்ல மெட்ராஸ் ஐகோர்ட்டே செல்லும்னுருச்சு. பணத்தைக் காவல் காக்கப் போறவன் தன் பணத்தைப் பார்த்துக்க வேண்டாமான்னு கேட்டா, நாம என்ன பதில் சொல்றது.

இந்தக் கடன் யாருது? நீ வாங்கலியா? தோஸ்த்துக்கு பைக் வாங்க ஜாமீன் போட்டியா! கையெழுத்துப் போட்டது நீ, பைக் ஓட்டறது அவன், தவணை தப்பறதும் அவன், மார்க்கு கொறையறது உனக்கு. மகாபாரதத்துல கூட இப்படி ஒரு தருமம் கெடையாது.

இன்னொண்ணு, தஞ்சாவூர்ல ஏதோ டிவிக் கடன்னு இருக்குதே, தஞ்சாவூர் பக்கம் நீ போனதே இல்லியே? அது நெசமாவே உன்னுது இல்லேன்னா, தப்புன்னு இப்பவே எழுதிப் போடு. காசு கேக்க மாட்டாங்க. 30 நாளுக்குள்ள தீர்த்து வைக்கணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபா உனக்குத் தரணும்னு 2024 ஏப்ரல்லேர்ந்து ரிசர்வ் வங்கி விதி. ஓசூர் பஸ் ஸ்டாண்டுச் சுவத்துல, மூலம் பவுத்திரம் போஸ்டருக்குப் பக்கத்துல, "சிபில் சரி செய்து தரப்படும்"னு ஒரு போஸ்டர் பார்த்தேன். அங்க போயிராதே. தப்பா இருக்கறதை நீயே மாத்தலாம், நெசமா இருக்கறதை எந்த வைத்தியராலயும் மாத்த முடியாது.

"எல்லாத்தையும் தலை முழுகிட்டு அந்தப் பழைய கார்டை ரத்து பண்ணிடறேன் தாத்தா"ன்னு வீரம் பேசறே. எந்தக் கார்டு? காலேஜ் முடிச்சதும் வாங்கின எட்டு வருஷத்துக் கார்டா? அதுதான்டா உன் வீட்ல ஒழுங்கா நின்ன ஒரே ஆளு! அதைப் போயி வெளிய தள்றேங்கறே. பழசு இருந்தாத்தான் வயசு இருக்கும். உங்க ஊரு ராகுல் டிராவிட்டைப் பாரு. 2021-ல ஒரு விளம்பரத்துல நடுரோட்ல நின்னு, "நான் இந்திராநகர் குண்டாடா"ன்னு கத்திப் பேட்டால கார் கண்ணாடியை ஒடைச்சாரே, அது எந்தக் கம்பெனி விளம்பரம்? 750 மார்க்கு இருந்தாத்தான் உள்ள விடுவோம்னு இந்த பெங்களூர்ல தொறந்த கிரெட் கம்பெனிதானே? கார்டு பில்லு கட்டினவனுக்குப் பரிசு குடுக்கற கம்பெனி. வாங்கின கடனைத் திருப்பிக் கட்டினதுக்கு இனாம் குடுக்கற ஊரை நான் இங்கதான் பார்த்தேன். நெசத்துல அந்த மனுஷன் டெஸ்ட் மேட்ச்சுல நின்ன பந்து 31,258. உலகத்துல வேற யாரும் அத்தனை பந்து நின்னதில்லே. நீ கண்ணாடி ஒடைச்சதை மட்டும் கத்துக்கிட்டே.

ரொம்பத் திட்டிட்டேனா? சரி, கணக்கைக் கேளு. 60 லட்சம், இருவது வருஷம். எட்டரை வட்டிக்குக் கெடைக்க வேண்டியது, இந்த மார்க்கால ஒம்பதுக்குப் போச்சுன்னா, மாசம் 1,900 சொச்சம் கூட. மொத்தத்துல நாலரை லட்சத்துக்கு மேல. ஆறு ஜெர்சி மாடு வாங்கலாம்டா அதுல. கொறைஞ்சது பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவையாவது பேங்க்குங்க சிபிலுக்குக் கணக்கு அனுப்பணும், 2025 ஜனவரியிலேர்ந்து. ஒரு வருஷம் வாயைக் கட்டு, வயித்தைக் கட்டு, கெடுவைக் கட்டு. அப்புறம் வீடு கட்டு.

என்ன, என் மார்க்கைப் பார்க்கணுமா? பாரு, எனக்கென்ன பயம். பான் நம்பர் இந்தா, செல்போனுக்கு வந்த நம்பரைச் சொல்றேன். எவ்வளவு? 781ஆ? அப்படி வாய் பொளக்காதே, ஈ போயிரும். அது என் மார்க்கு இல்லே கண்ணு, உங்க ஆயா கழுத்துச் சங்கிலியோட மார்க்கு. பதினோரு வருஷமா ஒவ்வொரு ஆனியிலயும் அதை பேங்க்ல வச்சு வெதைக்கும் உரத்துக்கும் வாங்குவேன், தக்காளி வித்ததும் தையில மீட்டுருவேன். ஒரு வருஷம் தக்காளியை ரோட்ல கொட்டினோம், அப்பவும் ஆட்டை வித்து மீட்டேன். தேதி தவறினா பேங்க்காரர் நோட்டீஸ்தான் விடுவாரு. உங்க ஆயா என்ன விடுவான்னு உனக்கே தெரியும்.

என்னது? கடனுக்கு நானும் கூடக் கையெழுத்துப் போடணுமா? எனக்கு எழுபத்திரெண்டு ஆவுது, இருவது வருஷத் தவணைக்கு என்னை நம்பி எவன்டா குடுப்பான்? கொஞ்சல் எல்லாம் இருக்கட்டும், அந்தத் துண்டை எடு. ஆறு மணி ஓசூர் பஸ்ஸைப் புடிக்கணும். கூடையையும் குடு, அது உங்க ஆயாவோடது, திரும்பி வரலேன்னா எழுதி வச்சுக்குவா.