ஒருமனதாக, எதிர்ப்பின்றி

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேர்க்க ஆங்கிலிக்கன் சபைகள் கண்டுபிடித்த ஒரே வழி சாப்பாடு. ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு வரும்: "யாரும் போயிடாதீங்க, ஏ.ஜி.எம். முடிஞ்சதும் மீகூனும் கோழிக்கறியும் இருக்கு." கறி வாசம் ஹாலுக்குள் நுழையும் நேரத்தில்தான் கணக்கறிக்கையும் நுழையும். அப்போது எழுந்து கேள்வி கேட்பவன் நாற்பது பேருடைய பசிக்கு விரோதி. பசியைவிடத் திறமையான சபாநாயகர் இன்னும் பிறக்கவில்லை.

மலேசியாவில் காம்பார் பக்கம் ஒரு சபை. பெயர் வேண்டாம். சொன்னால் தங்களை ஏன் விட்டுவிட்டாய் என்று மற்ற சபைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

"முன்மொழிவது யார்?" ஒரு அங்கிள் கை தூக்குகிறார். "வழிமொழிவது?" அவருடைய மச்சான். "எதிர்ப்பு உண்டா?" காற்றாடி சுற்றும் சத்தம். "ஒருமனதாக!" சபையை நிர்வகிக்கும் குழுவான பி.சி.சி.யின் உறுப்பினர்கள் அத்தனை பேரும் கோழி வேகும் நேரத்துக்குள் தேர்வாகிவிட்டார்கள். யார் யார் என்று பார்த்தால், போன வருஷம் இருந்தவர்களே. அதற்கு முந்தின வருஷம் இருந்தவர்களும் அவர்களே.

வார்டன்கள் இரண்டு பேர். ஒருவர் பாஸ்டருடைய ஆள், மற்றவர் மக்களுடைய ஆள் என்பது சம்பிரதாயம். முதலாமவரை பாஸ்டர் வாயால் சொல்வார். இரண்டாமவரைக் கண்ணால் சொல்வார். அந்தக் கண் போன திசையில் நாற்பது கைகள் எழும்பும். மக்களாட்சி வாழ்க.

கணக்கறிக்கை நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். தமிழ் ஆராதனைக்கு வரும் பாட்டிமாரிடமும் ஒரு பிரதி நீட்டப்படுகிறது. விசிறிக்கொள்ள உதவும். "பராமரிப்பு" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குள் யானையையே படுக்க வைக்கலாம். இந்த வருஷம் புது ஒலிபெருக்கி, நான்கு மைக். வாங்கியது நல்லதுதான். சபையார் பக்கம் ஒன்றை நீட்டத்தான் மறந்துவிட்டார்கள்.

ஏன் என்று கேட்டால் பெரியவர்களிடம் பதில் தயாராக இருக்கும்: "நம்ம ஆளுங்க பேசவே மாட்டாங்கப்பா." எப்படிப் பேசுவார்கள்? விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, கங்காணி முன்னால் வாயை மூடிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அங்கே எதிர்த்துக் கேட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திடீரென்று வாய் முளைத்துவிடுமா? ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், தோட்டத்தைத் துண்டு போட்டார்கள், லயத்தை இடித்தார்கள். கங்காணிப் புத்தியை மட்டும் பத்திரமாக ஏ.ஜி.எம். ஹாலுக்குக் கொண்டுவந்து நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

மேலே போனால் மாறும் என்று நினைக்காதீர்கள். மேற்கு மலேசிய டயோசிஸ் 1970-லேயே தனியானது. 1973 முதல் 1994 வரை ஜான் சவரிமுத்து பிஷப்பாக இருந்தார். 1996-ல் தென்கிழக்காசிய மாகாணமும் வந்தது. பிஷப் நாற்காலிக்குத் தமிழர் வந்தாயிற்று. பெஞ்சில் இருக்கும் தமிழர் இன்னும் கை தூக்கும் வேலையில்தான் இருக்கிறார்.

சபையாருக்கு அதிகாரமே கிடையாது என்றால்கூட மனசு ஆறும். இருக்கிறது. 2012 நவம்பரில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொது சினாடில் பெண் பிஷப்புகள் பற்றிய வாக்கெடுப்பு நடந்தது. பிஷப்மார் சரி என்றார்கள், குருமாரும் சரி என்றார்கள். சபையார் அவையில் ஆதரவு 132, எதிர்ப்பு 74. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆறு ஓட்டு குறைந்தது, சட்டம் விழுந்தது. 2014 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சபையாரில் ஆறு பேர் மாட்டேன் என்றால் பிஷப்மாரே கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள் என்ற ரகசியத்தை எங்கள் ஊரில் யாரும் வாய்தவறிக்கூடச் சொன்னதில்லை.

அங்கேயும் சாதாரண ஆள் பொது சினாடுக்கு நேரடியாக ஓட்டுப் போட முடியாது. அவர் பக்கத்துச் சபைகள் சேர்ந்த டீனரி சினாடுக்கு ஆள் அனுப்புவார், அந்த ஆள் ஓட்டுப் போடுவார். கேன்டர்பரி பேராயரைப் பரிந்துரைக்கும் குழுவில் ஓட்டுள்ளவர்கள் 17 பேர். இங்கிலாந்துக்கு வெளியே உள்ள உலகத்துக்கு முன்பு ஒரே இடம். 2022-ல் பெரிய மனசு பண்ணி ஐந்தாக்கினார்கள். அதில் மத்தியக் கிழக்குக்கும் ஆசியாவுக்கும் சேர்த்து ஒன்று. ஜெருசலேமும் காம்பாரும் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எங்களில் சிலருடைய தாத்தாமார் திருநெல்வேலிச் சீமை. அந்தத் திருமண்டலம் 1896-ல் ஆங்கிலிக்கன் டயோசிஸாகத் தொடங்கி, 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்ந்தது. அங்கே சபைத் தேர்தல் என்றால் அணி, துண்டறிக்கை, போலீஸ் பந்தோபஸ்து. பிஷப்மார் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக்கப் போய் அந்தத் திருச்சபை கோர்ட் ஏறியது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகத்துக்கு நியமிக்கும் அளவுக்கு ஆயிற்று. பிறகு உச்ச நீதிமன்றம் வரை வழக்கு. அங்கே தேர்தலுக்கு வருகிறவர்களை அடக்கப் போலீஸ் வேண்டும். இங்கே வரவழைக்கவே போலீஸ் வேண்டும்.

கடைசி அயிட்டம், 'பிற விஷயங்கள்'. கறிச்சட்டியைத் திறந்துவிட்டார்கள். அப்போது பார்த்து ஒரு பாட்டி எழுந்தார்.

"தமிழ் ஆராதனைய மத்தியானம் ரெண்டு மணிக்கு மாத்திட்டீங்களே. இந்த வெயில்ல நான் எப்படிய்யா வருவேன்? யாரு முடிவு பண்ணது?"

"பி.சி.சி. முடிவு, பாட்டி."

"அது யாரு?"

"நீங்கதானே இப்ப தேர்ந்தெடுத்தீங்க. ஒருமனதாப் போச்சே."

"நானா? நான் டாய்லட்டுக்குல்ல போயிருந்தேன், தம்பி."

ஹாலே சிரித்தது. பாஸ்டர் ஜெபம் பண்ணி முடித்தார். நேரம் மாறவில்லை, கூட்டக் குறிப்பும் மாறவில்லை. டாய்லட்டிலிருந்தே ஓட்டுப் போடும் வசதி இங்கிலாந்துத் திருச்சபைக்குக்கூட இன்னும் வாய்க்கவில்லை.