பட்டியலில் பெயர் வந்தால் போதுமா?

ஆஸ்கர் பட்டியலில் இருக்கும் எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டேன். நான் ஓட்டுப் போடலாமா?

ஓட்டுப் போடுகிறவர்களைவிட நீங்கள் ஒரு படி மேல்! ஒரு பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்தால்தான் அதில் இறுதி ஓட்டு என்று அகாடமி விதி போட்டதே 2025-ல்தான். அதுவரை போஸ்டரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருந்தாலும் கேட்க ஆளில்லை.

பரிந்துரையோடு நின்றுவிட்டால் கௌரவக் குறைச்சலா?

ஹிட்ச்காக்குக்கு 5 முறை சிறந்த இயக்குநர் பரிந்துரை. ஒருமுறைகூட விருது இல்லை. 'சைக்கோ'வுக்கும் கிடைக்கவில்லை. ஆனாலும் தனியாகக் குளிக்கும்போது உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? (அந்த வருடம் ஜெயித்த பில்லி வைல்டரும் லேசுப்பட்டவரல்ல. 'தி அபார்ட்மென்ட்' பாருங்கள்.)

சமீபத்தில் பார்த்த படம்?

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்', மறுபடியும். 1957-ல் வந்து 7 ஆஸ்கர் அள்ளியது. திரைக்கதை எழுதிய இருவரின் பெயர் மட்டும் பரிந்துரைப் பட்டியலில் இல்லை. கம்யூனிஸ்டுகள் என்று ஒதுக்கிவைத்த ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தது! அவர்களுக்கு விருது தரப்பட்டபோது இருவருமே உயிருடன் இல்லை.

இன்னொன்று: படத்தில் பாலம் கட்டுகிறவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள். அந்தக் கதைக்கு அடிப்படையான, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட நிஜ சயாம் ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள்.