சாவி இல்லாத வள்ளல்

அமெரிக்காவில் தர்மசிந்தனைக்கு ஒரு சீசன் உண்டு. நவம்பர் கடைசியில் வான்கோழி விருந்தின் களைப்பு தீர்ந்ததும் தொடங்கும். டிசம்பர் 31 நள்ளிரவோடு முடிந்துவிடும். அதற்குள் கொடுத்தால்தான் அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். ஜனவரி முதல் தேதி கொடுத்தாலும் புண்ணியத்தில் குறைவிராது. வரியில் குறைவதற்குத்தான் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். நம் வள்ளல் வெளிப்படுவது இந்தச் சீசனில்தான்.

அவர் ராபர்ட்டாக இருக்கலாம், ராமநாதனாக இருக்கலாம். ஓஹையோவிலோ கலிபோர்னியாவிலோ இருக்கலாம். அடையாளம் ஒன்றே: அவர் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கும். அதற்குச் சாவி இருக்காது. கார் யாருடையது என்று மாநில அரசு எழுதிக்கொடுக்கும் பத்திரமான டைட்டிலும் இருக்காது. அந்தக் காரைத்தான் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது என்று அவர் முடிவெடுத்திருப்பார்.

இந்த முடிவுக்கு அவர் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் அது 'ரெண்டாவது கார்'. அடுத்து, 'சின்ன ரிப்பேர் பாக்கி இருக்கற கார்'. பேட்டரி மாற்றினால் போதும் என்பார். பேட்டரி மாற்றப் போகாமலேயே இரண்டு குளிர்காலம் ஓடிவிடும். மூன்றாவது கட்டத்தில் அது விற்பனைக்குரிய சொத்தாகிவிடும். லெஸ் கெல்லி என்பவர் 1926-ல் லாஸ் ஏஞ்சலிஸில் வெளியிட ஆரம்பித்த கெல்லி புளூ புக்தான் பழைய கார்களின் விலைக்கு அமெரிக்கர்கள் இன்றும் நம்புகிற ஏடு. வள்ளல் அதைப் பார்ப்பார். காரின் நிலை என்ன என்று கேட்கும் இடத்தில், கண்ணாடி ஓரத்தில் பாசி படர்ந்து, ஒரு டயர் தரையோடு தரையாகப் படுத்துவிட்ட காருக்கு, 'மிக நன்று' என்று குறிப்பார். வரும் தொகையைப் பார்த்துப் பூரிப்பார். அந்தத் தொகைக்கு வாங்க ஆள்தான் வராது.

நான்காவது கட்டத்தைத் தொடங்கிவைப்பது கடிதம். தெருவில் நிறுத்தியிருந்தால் நகராட்சியிடமிருந்து வரும். கலிபோர்னியாவின் பல ஊர்களில் 72 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கிற காரை இழுத்துப் போய்விடலாம். சொந்த வாசலிலேயே நிறுத்தியிருந்தால் குடியிருப்போர் சங்கம் எழுதும்: உங்கள் வாகனம் தெருவின் அழகைக் கெடுக்கிறது, பதினைந்து நாளில் அப்புறப்படுத்தவும். அன்றிரவுதான் வள்ளலின் நெஞ்சில் கருணை சுரக்கும். அநாதைக் குழந்தைகள், போரில் கால் இழந்த சிப்பாய்கள், பார்வையற்றோர் எல்லாரும் வரிசையாக நினைவுக்கு வருவார்கள்.

கேட்பதற்கும் ஆள் தயாராக இருக்கிறார்கள். பழைய காரை வாங்கிக்கொள்ளும் தர்ம ஸ்தாபனங்கள் அமெரிக்காவில் ஏராளம். பொது வானொலி நிலையங்கள்கூட வாங்கிக்கொள்கின்றன. கார்ஸ் ஃபார் கிட்ஸ் என்ற அமைப்புக்காக ரேடியோவில் குழந்தைகள் பாடும் விளம்பரப் பாட்டு ஒன்று உண்டு. அதை நாலு தரம் கேட்டவருக்குக் காரை விட முதலில் ரேடியோவைத் தானம் செய்துவிடத் தோன்றும்.

வள்ளல் போன் செய்வார். எதிர்முனையில் ஒரு பெண்மணி, கேள்விகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"கார் ஓடுமா சார்?"

"நல்லா ஓடிட்டிருந்ததும்மா."

"எப்போ வரைக்கும்?"

"நிறுத்தற வரைக்கும்."

"எத்தனை மைல் ஓடியிருக்கு?"

"கதவைத் திறந்து பார்த்தாத்தானே தெரியும்?"

"திறந்து பாருங்களேன்."

"சாவி வேணுமே."

"சாவி இல்லையா சார்?"

"இருக்கு. எங்கேன்னுதான் தெரியலை."

"சரி, டைட்டில்?"

"அது பத்திரமா இருக்கு. காருக்குள்ளே."

அந்தப் பெண்மணி சற்று நேரம் பேசமாட்டார். வள்ளல் அதை நன்றியுணர்ச்சியில் தொண்டை அடைத்துக்கொண்டது என்று எடுத்துக்கொள்வார்.

முடிச்சின் அழகை ரசிக்க வேண்டும். டைட்டில் காருக்குள் இருக்கிறது. காரைத் திறக்கச் சாவி வேண்டும். டீலரிடம் போய்ப் புதுச் சாவி கேட்டால், கார் உங்களுடையதுதானா, ஆதாரம் காட்டுங்கள் என்பார். ஆதாரம் டைட்டில். டைட்டில் காருக்குள். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து வந்த பெரும்பாலான கார்களில் சாவிக்குள் ஒரு சில்லு வேறு இருக்கிறது. இரும்பை அராவிச் செய்த சாவி கதவைத் திறக்குமே தவிர எஞ்சினைக் கிளப்பாது. சில்லோடு கூடிய சாவிக்கு டீலர் சொல்லும் விலையைக் கேட்டால், காரை வைத்துக்கொண்டு சாவியைத் தானம் செய்வது பெரிய தர்மம் என்று தோன்றிவிடும்.

இதை அவிழ்க்க ஒரு வழி உண்டு. 1981 முதல் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாள வரிசை உண்டு. ஓட்டுநர் பக்கத்து முன்கண்ணாடிக்குக் கீழே பொறித்திருப்பார்கள். பூட்டிய காருக்கு வெளியே நின்றே படிக்கலாம். அதை எழுதிக்கொண்டு மோட்டார் வாகனத் துறைக்குப் போனால் மாற்று டைட்டிலுக்கு விண்ணப்பிக்கலாம். கலிபோர்னியாவில் அந்தப் படிவத்தின் பெயர் ரெக் 227. இதைப் பெண்மணி பொறுமையாகச் சொன்னதும் வள்ளலுக்கு ரோஷம் வரும். "நான் சும்மா குடுக்கறேன்மா. என்னையே அலைய விடறீங்களே!"

அலைய விடுவதில் நியாயம் இருக்கிறது. டைட்டில் கேட்காமல் வாங்கிக்கொண்டால், யார் வேண்டுமானாலும் பக்கத்து வீட்டுக்காரர் காரைத் தானம் செய்துவிட்டுப் புண்ணியத்தோடு வரிச்சலுகையும் வாங்கிக்கொள்ளலாம். இப்படிச் சொன்னால் வள்ளல், "நான் என்ன திருடனா?" என்பார். திருடர் இல்லைதான். ஆனால் டைட்டிலை வரவழைத்துப் பார்த்தால் கார் முழுக்க அவருடையதாகவும் இருக்காது.

சிலருக்கு அதில் வங்கி உட்கார்ந்திருக்கும். கடன் என்றோ அடைந்திருக்கும். அடைந்துவிட்டது என்று வங்கி தரும் கடிதத்தை வாங்கியிருக்கமாட்டார்கள். அந்த வங்கி இன்னொரு வங்கிக்குள் போய், அது வேறொன்றுக்குள் போயிருக்கும். சிலருக்கு முன்னாள் மனைவி. கல்யாணமான புதிதில் காதல் மிகுதியில் இருவர் பெயரையும் நடுவில் 'அண்ட்' போட்டு எழுதியிருப்பார்கள். கலிபோர்னியாவில் 'ஆர்' போட்டிருந்தால் ஒருவர் கையெழுத்துப் போதும். 'அண்ட்' என்றால் இருவரும் போட வேண்டும். விவாகரத்தில் வீடு, நாய், தோசைக்கல் வரைக்கும் பிரித்தவர்கள் இதை மறந்திருப்பார்கள். இப்போது அந்தம்மாவுக்குப் போன் போட்டு, "ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு கையெழுத்து" என்று கேட்க வேண்டும். பதில் என்ன வரும் என்பது வள்ளலுக்குத் தெரியும்.

இன்னும் சிலருக்கு டைட்டில் காலமான மாமனார் பெயரில் இருக்கும். அதற்கும் கலிபோர்னியாவில் படிவம் உண்டு: ரெக் 5. மறைந்து 40 நாள் ஆன பிறகு, வாரிசு தாக்கல் செய்யலாம். மாமனார் மறைந்து எட்டு வருஷம் ஆகியிருக்கும். காரியம் எல்லாம் முறைப்படி நடந்திருக்கும். இந்தப் படிவம் ஒன்றுதான் பாக்கி. பாவம், அவர் இன்றைக்கும் மோட்டார் வாகனத் துறையின் கணக்கில் கார் ஓட்டிக்கொண்டிருப்பார்.

இந்த மாதிரி வள்ளல்கள் வருமான வரிக்கு முன்பே பிறந்துவிட்டார்கள். கடோபநிஷத்தில் நசிகேதனின் அப்பா, எல்லாவற்றையும் தானம் செய்வதாக யாகத்தில் உட்கார்ந்துகொண்டு, பால் வற்றிய கிழட்டுப் பசுக்களாகப் பார்த்து ஓட்டிவிட்டார். பையன் பொறுக்காமல், என்னை யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, யமனுக்கு என்ற பதிலை வாங்கிக்கொண்டான். நம் வள்ளல் வீட்டு நசிகேதன் வாயே திறக்கமாட்டான். சாவியைத் தொலைத்தவனே அவன்தான்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தர்ம ஸ்தாபனங்கள் பார்ப்பதில்லை. வெகுகாலம் வரித்துறையும் பார்க்கவில்லை. கொடுப்பவர் சொன்னதே விலை. எல்லாக் காருக்கும் 'மிக நன்று'தான். பிறகு நாடாளுமன்றத்துக்காகக் கணக்குப் பார்க்கும் தணிக்கை அலுவலகம் 2003-ல் பல்லைப் பிடித்துப் பார்த்தது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 7,33,000 பேர் காரைக் கொடுத்ததாக எழுதி, மொத்தம் சுமார் 65 கோடி டாலர் வரியைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். 54 கார்களை எடுத்துப் பின்தொடர்ந்து பார்த்ததில், மூன்றில் இரண்டு பங்கு கார்களுக்கு, கொடுத்தவர் எழுதிய விலையில் நூற்றுக்கு ஐந்தோ அதற்கும் குறைவோதான் தர்மத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மீதித் தொண்ணூற்றைந்தும் வள்ளலின் கற்பனைவளம்.

2004-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமானால், ஸ்தாபனம் காரை என்ன விலைக்கு விற்றதோ அதற்கு மேல் எழுதக் கூடாது. ஸ்தாபனமே ஓட்டினாலோ, கணிசமாகப் பழுதுபார்த்தாலோ, ஏழை ஒருவருக்குச் சல்லிசாகக் கொடுத்தாலோதான் விதிவிலக்கு. விற்ற 30 நாளுக்குள் 1098-சி என்ற படிவத்தில் உண்மை விலை வீடு தேடி வரும். வள்ளல் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மனைவி கண்ணில் படாமல் மடித்து வைப்பார்.

அதையும் மிஞ்சிய சோகம் ஒன்று இருக்கிறது. 2018 முதல், யாரும் எதையும் கொடுக்காமலேயே எல்லாருக்கும் கிடைக்கிற நிலையான கழிவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிட்டார்கள். தம்பதிக்கு அந்த ஆண்டிலேயே 24,000 டாலர். பிறகும் ஏறிக்கொண்டுதான் வருகிறது. பத்தில் ஒன்பது குடும்பங்கள் அதை எடுத்துக்கொள்வதால், தனியாக எழுதும் கார் தானத்துக்கு அவர்கள் கணக்கில் இடமே இல்லை. வள்ளலும் அந்த ஒன்பதில் ஒருவர். இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. தெரிந்தால் நாட்டில் தர்மம் குறைந்துவிடும்.

ஒரு வழியாகப் படிவங்கள் தீர்ந்து, இழுத்துப்போகும் லாரி வருகிற நாள் வரும். லாரிக்காரர் காரைச் சுற்றி வருவார். முன்சக்கரங்கள் 'பார்க்'கில் பூட்டிக்கிடக்கும். சாவி இருந்தால் நியூட்ரலுக்கு மாற்றி, ஒரு நிமிஷத்தில் ஏற்றிக்கொண்டு போவார். இல்லாததால் முட்டிபோட்டு, மண்ணில் படுத்து, உருளாத சக்கரங்களுக்கு அடியில் குட்டிச் சக்கரங்களைச் செருகித் தூக்க வேண்டும். வள்ளல் பக்கத்தில் நின்று, "பாத்துப்பா, பெயின்ட் உரிஞ்சிடப்போவுது" என்பார். டிக்கியும் பூட்டித்தான் இருக்கும். உள்ளே பையனின் பேஸ்பால் மட்டை, என்றோ நூலகத்துக்குத் திருப்பவேண்டிய புத்தகம், மாமனாரின் குடை எல்லாம் சேர்ந்தே தானமாகப் போகும். அதற்குத் தனி ரசீது உண்டா என்றும் கேட்பார்.

கார் நேரே ஏலத்துக்குப் போகும். சாவி இல்லை என்று பட்டியலில் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு குறிப்பே விலையைக் கீழே தள்ளிவிடும். பெரும்பாலும் உதிரிபாகக்காரரோ பழைய இரும்புக்காரரோதான் எடுப்பார். இழுத்துப்போன கூலி, நடுவில் நிற்கும் ஏலக் கம்பெனியின் பங்கு எல்லாம் போக மீதி, சொன்னபடியே தர்ம ஸ்தாபனத்துக்குப் போய்ச் சேரும். சிறு தொகைதான். ஆனால் இப்படிப்பட்ட சிறு தொகைகளைச் சேர்த்துத்தான் பல ஸ்தாபனங்கள் வேலை செய்கின்றன. வள்ளல் என்ன நினைத்துக் கொடுத்தார் என்று அந்தப் பணத்தில் எழுதியிருக்காது. புண்ணியத்துக்கு மனசு முக்கியம் என்பார்கள். இரும்புக்கு எடை போதும்.

ஒரே ஒரு காரியத்தை வள்ளல் கட்டாயம் மறந்துவிடுவார். கலிபோர்னியாவில் காரைக் கைமாற்றிய 5 நாளுக்குள், இனி இது என்னுடையதல்ல என்று மோட்டார் வாகனத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காததால், வாங்கியவர் எங்கோ பழுதுபார்த்து ஓட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காரின் பார்க்கிங் அபராதம் இவர் வீட்டுக்கு வரும். அதைப் பார்த்தும் வருத்தப்படமாட்டார். பெருமிதத்தோடு மனைவியைக் கூப்பிடுவார்: "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன், வண்டி நல்லா ஓடும்னு!"

அடுத்த டிசம்பரில் அதே எண்ணுக்குப் போன் போகும். அதே பெண்மணி எடுப்பார்.

"படகு வாங்கிக்கறீங்களா?"

"வாங்கிக்கறோம் சார். டைட்டில் இருக்கா?"

"படகு இல்லம்மா, சும்மா கேட்டேன். எங்க வீட்ல ஒரு பழைய பியானோ இருக்கு."

"பியானோ எடுக்கறதில்லையே சார்."

"ஏன்? அதுக்குச் சாவியும் வேண்டாம், டைட்டிலும் வேண்டாமே!"