ஷீல்டும் ரிடென்ஷனும்

எங்கள் கம்பெனிக்கு இந்த வருடம் சிறந்த சேவைக்கான ஷீல்டு கிடைத்திருக்கிறது. கொடுத்தவர்கள் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்காரர்கள். பெயர் வேண்டாம், அவர்களிடமிருந்து இன்னும் பணம் வர வேண்டியிருக்கிறது.

நாங்கள் மெக்கானிக்கல் கான்ட்ராக்டர்கள். இப்படிச் சொன்னதும் சொந்தக்காரர்கள் பழைய மிக்ஸியைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடுவதில் முக்கால்வாசி எங்கள் வேலை: ஏசி டக்ட், சில்லர் தண்ணீர் போய்வரும் பைப், தீப்பிடித்தால் தானே பொழியும் ஸ்பிரிங்க்ளர், கம்ப்ரசர் காற்று லைன். பைப்பில் டிசைன் பிரஷரைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, ராத்திரியெல்லாம் காவல் இருந்து, கேஜ் முள் அசையவில்லை என்று காட்டிய பிறகுதான் சீலிங்கை மூட விடுவார்கள். மூடிய அன்றோடு எங்களை மறந்தும் விடுவார்கள். மறுபடி ஞாபகம் வருவது, எங்கோ இன்சுலேஷன் விட்டுப்போன ஒரு விரற்கடை இடத்தில் பைப் வேர்த்து, எம்.டி. மேஜைமேல் சொட்டும்போது. அந்தச் சொட்டுக்கு எப்படித்தான் பதவி வரிசை தெரியுமோ, கிளார்க் மேஜையில் விழுந்து நான் பார்த்ததில்லை.

ஷீல்டில் சேவை என்று பொறித்திருக்கிறார்கள். அது எது என்று யோசித்தேன். தொழிற்சாலை மூடினால்தான் எங்களுக்கு உள்ளே வேலை. பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி என்று காலண்டரில் சிவப்பாக இருப்பதெல்லாம் எங்களுக்கு ஷட்டவுன். பெல் ஆலை வந்த நாளிலிருந்து திருவெறும்பூர் வட்டாரத்தில் நல்ல வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. எங்களிடமும் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார். பொங்கல் அன்று வீட்டில் பால் பொங்குவதை வீடியோ காலில் பார்ப்பார். 'பொங்கலோ பொங்கல்' என்று பைப்புக்கு அடியிலிருந்தே ஒரு குரல் கொடுப்பார். பிறகு முகமூடியை இறக்கிக்கொண்டு அடுத்த ஜாயின்டுக்குப் போய்விடுவார்.

அதைவிடப் பெரிய சேவை ஏசி புகாரைத் தீர்ப்பது. ஒரே ஹாலில் ஒருவருக்கு 18 டிகிரி வேண்டும். அடுத்த சீட்டு அம்மாள் சால்வையோடு உட்கார்ந்திருப்பார். அவர் ஆபீஸ் பையனை நாற்காலிமேல் ஏற்றி, காற்று வருகிற ஓட்டையில் அட்டையை வைத்து செலோடேப் ஒட்டிவிடுவார். உடனே இந்தப் பக்கம் வேர்க்கிறது என்று எங்களுக்கு போன். எங்கள் ஃபோர்மேன் அண்ணன் போய் அட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "வால்வை கொஞ்சம் திருப்பி விட்டிருக்கேம்மா, இனிமே ரெண்டு பேருக்கும் சரியா இருக்கும்" என்பார். இரண்டு பேரும் "ஆமாம், இப்பத்தான் நல்லா இருக்கு" என்பார்கள். வால்வு இருக்கும் திசைக்கே அவர் போகவில்லை. என்னைக் கேட்டால் அவருக்குத் தனி ஷீல்டே தரலாம்.

விழா ஒரு நட்சத்திர ஹோட்டலில். கேன்டீன்காரர், செக்யூரிட்டிக்காரர், துப்புரவுக்காரர், நாங்கள் என்று எல்லோருக்கும் ஒரே பாராட்டுரை, பெயர் மட்டும் மாறியது. கைதட்டல் அதிகம் வாங்கியவர் கேன்டீன்காரர்தான். அவர் முகம்தானே தினமும் தெரிகிறது! மேடையில் பெரியவர் பேசும்போது எங்கள் தொழில்காரர்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்துக்கொண்டு, இந்த டக்ட் யார் போட்டது, சத்தம் கேட்கிறதே என்று அடுத்தவன் வேலைக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தோம். கம்பெனிக்கு இரண்டு பேர்தான் வரலாம் என்றதால் முதலாளியும் பில் போடுகிற நானும் போயிருந்தோம். வெல்டரும் ஃபோர்மேன் அண்ணனும் அன்று சைட்டில்.

கோப்பை மேடையருகே இருப்பவர் கைக்குத்தான் போகும் என்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். 1833இல் பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டியூடர் ஏறக்குறைய 180 டன் பனிக்கட்டியைக் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாதக் கடல் வெயிலைத் தாண்டி நூறு டன் போல வந்து சேர்ந்தது. கவர்னர் ஜெனரல் பென்டிங்க் மகிழ்ந்துபோய் ஒரு வெள்ளிக் கோப்பையே கொடுத்தார். யாருக்கு? டியூடருக்கு அல்ல, சரக்கோடு வந்திருந்த ரோஜர்ஸ் என்ற கூட்டாளிக்கு. உறைந்த குளத்தில் கட்டி அறுத்த கூலிகள் கணக்கிலேயே இல்லை. அதே டியூடர் 1842இல் சென்னையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் கிடைக்கும் குளிர்ச்சிக்குத்தான் இன்றும் ஏசி கணக்கில் ஒரு டன் என்று பெயர். ரோஜர்ஸுக்குக் கோப்பையோடு பணமும் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு பில்லிலும் ஐந்து சதவீதத்தைப் பிடித்து வைப்பார்கள், அதுதான் ரிடென்ஷன். வேலை முடிந்து 12 மாதம் குறை தலைகாட்டாவிட்டால் திருப்பித் தர வேண்டும். மாதங்கள் முடிந்தன. விழா முடிந்த கையோடு அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் போனேன். "வாழ்த்துகள் சார், ஷீல்டு வாங்கினீங்களாமே" என்று எழுந்து கை கொடுத்தார்கள். உட்கார்ந்ததும், "ஆஸ் பில்ட் டிராயிங் ஒரு செட் குறையுது, உங்க வேலை திருப்தியா இருந்துச்சுன்னு ஒரு லெட்டரும் வேணும்" என்றார்கள். விருதுப் பத்திரத்தின் நகலை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒர்க் ஆர்டர் நம்பர் இல்லையே சார்" என்றார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. காதுக்கு எத்தனை குளிர்ச்சி! ஆனால் உங்களுடையது ஒர்க்ஸ் கான்ட்ராக்ட், இதில் சேராது என்று அவர்கள் வக்கீல் சொல்வார். தீர்ப்புகளும் கையில் வைத்திருப்பார். வட்டி கேட்டவனுக்கு அடுத்த டெண்டர் வராது என்பதற்குத் தீர்ப்பே தேவையில்லை.

ஆகவே விருது வழங்கும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த விழாவில் முதலில் ரிடென்ஷன் செக்கைக் கொடுங்கள், பொன்னாடைகூட வேண்டாம். ஷீல்டை நிதானமாகக் கொடுக்கலாம். அதற்கு 45 நாள் கெடு எந்தச் சட்டத்திலும் இல்லை.