புளித்த மாவும் சிங்கைக் கல்லும்: இட்லியின் தாயகம் குறித்த ஒரு நிறுவல்

இட்லியின் தாயகம் சிங்கப்பூரே என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். இதை இதுவரை எவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இல்லை. ஆகவே சொல்லாமல் விட்டதையே முதற்சான்றாகக் கொள்ளலாம். ஆய்வுக்களம் தேக்காவும் சிராங்கூன் சாலையும், அங்கே உளுந்தும் புழுங்கல் அரிசியும் வாங்கிக்கொண்டு பேருந்தேறுவோரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டு அடுக்களைகளும். உணவகத்து இட்லி ஆய்வெல்லைக்குள் வராது. அதற்குக் காசு கேட்கிறார்கள். வீட்டு இட்லி மூவகைப்படும்: மெத்தென்றது, மெத்தென்று இருந்திருக்க வேண்டியது, உப்புமாவாக உதிர்க்கப்பட்டது. மூன்றாம் வகையே எண்ணிக்கையில் மிகுதி என்று கருத இடமுண்டு. 'கருத இடமுண்டு' என்னும் தொடர் இக்கட்டுரையில் இனியும் வரும். சான்று இல்லாத குழிகளில் நம் ஆய்வுலகம் வழக்கமாக ஊற்றும் மாவு அது.

முன்னோர் கூற்றை முதலில் தள்ளிவிட வேண்டும், அதுவே மரபு. சிவகோட்டியாச்சாரியரின் 'வட்டாராதனை' என்னும் கன்னட நூலில், சுமார் 920-ஆம் ஆண்டிலேயே, 'இட்டலிகெ' வந்துவிடுகிறது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 1130-ஐ ஒட்டித் தந்த 'மானசோல்லாசம்' 'இட்டரிகா' என்கிறது. இவ்விரண்டையும் காட்டி வழக்கை முடித்துவிடுவார் உளர். ஆனால் அந்தப் பழம்பண்டத்தில் உளுந்து உண்டு. அரிசி இல்லை, இரவெல்லாம் புளிக்கவைப்பது இல்லை, ஆவியில் அவிப்பதும் இல்லை என்று உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயா எடுத்துக்காட்டினார். மூன்றும் இல்லாத இட்லி வடைக்குப் பங்காளியே தவிர இட்லிக்கு உறவல்ல. இவ்வளவு சரியாகச் சொன்ன அச்சயா அடுத்த அடியில் ஒரு துணிவான காரியம் செய்தார். இந்தோனேசியாவை ஆண்ட இந்து மன்னர்களின் சமையற்காரர்கள் 8 முதல் 12-ஆம் நூற்றாண்டுக்குள் இந்த நுட்பத்தை நம் பக்கம் கொண்டுவந்திருக்கலாம் என்றார். 'கெட்லி' என்றொரு பெயரும் அந்த வாதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அவர் எழுதியது 'இருக்கலாம்'. எடுத்தாண்டவர் கையில் அது 'இருந்தது' ஆயிற்று. இப்போது 'ஐயமின்றி' ஆகிவிட்டது. மாவு மட்டுந்தானா வைத்த இடத்தில் இருமடங்காகும்?

ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி யுவான் சுவாங், இந்தியரிடம் ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் இல்லை என்றார் என்பது அவ்வாதத்தின் தூண். காஞ்சிபுரம் வரை வந்தவர் அவர். மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி மாவை ஊற்றி அவிப்பதற்கென்றே பின்னாளில் பெயரெடுத்த ஊர் அது. ஒரு பானைத் தண்ணீர், வாயில் கட்டிய துணி, மேலே ஒரு மூடி என்றால் ஆவிப்பாத்திரம் ஆயிற்று. அவிந்து முடிந்ததும் அது மறுபடி பானையும் துணியும்தான். கட்டிய நேரத்தில் துறவியார் எட்டிப் பார்க்கவில்லை. விருந்தாளிக்கு அடுக்களையைத் திறந்து காட்டும் வழக்கம் காஞ்சியில் அன்றும் இல்லை என்று கருத இடமுண்டு.

எனினும் இவ்வாய்வு அச்சயாவைக் கைவிடாது. பாதி வழியில் இறக்கிவிடும். சாவகத்திலிருந்து சோழமண்டலம் செல்லும் கப்பல் மலாக்கா நீரிணைக்குள் நுழையுமுன் எந்தக் கரையைக் கடக்கும் என்பதை வரைபடம் பார்த்தோர் அறிவர். மாவைக் கரைத்தது சாவகத்தில். கப்பல் இங்கே ஓர் இரவு நங்கூரமிட்டது. விடிந்து பார்த்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. கரைத்த இடம் தாயகமா, பொங்கிய இடம் தாயகமா? பொங்காத மாவுக்குக் கரைசல் என்றுதான் பெயர். ஆகவே பொங்கிய இடமே பிறந்த இடம். இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று சமரசம் பேசவும் வழியில்லை. இரட்டைக் குடியுரிமையை இந்நாடு ஏற்பதில்லை. அற்றேல், பருவக்காற்றுக்காகக் கப்பல்கள் மாதக்கணக்கில் அல்லவா காத்துக்கிடந்தன, ஓர் இரவு என்பது எவ்வாறு எனின், மாதக்கணக்கில் கிடந்த மாவின் வரலாறு ஊத்தப்பத்தின் வரலாறு. அது வேறு கட்டுரை.

பொங்குதலின் இயல்பை நோக்குக. உளுந்தோடு ஒட்டிக்கொண்டே வரும் லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்னும் நுண்ணுயிர் கரியமில வாயுவை வெளியிட்டு மாவை எழுப்புகிறது. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைத் தப்பவிடாமல் பிடித்துவைக்கிறது. கையால் கலந்தால்தான் பொங்கும், கரண்டியால் கலந்தால் பொங்காது என்னும் கைராசிக் கொள்கையினர் இத்துடன் விடைபெறலாம். அந்த உயிருக்கு உவப்பான வெப்பம் 25 முதல் 30 பாகை. சிங்கப்பூரில் இரவு 25-ஐ ஒட்டியும் பகல் 31, 32-ஐ ஒட்டியும் ஆண்டு முழுவதும் நிற்கிறது. சித்திரை, மார்கழி என்ற வேறுபாடே இல்லை. (காண்க: அடுக்களை மேடை, அடுப்புக்கு இடப்பக்கம், எவர்சில்வர் தூக்கு, வழிந்த கறை.) மாறாக, மார்கழிச் சென்னையில் மாவுப் பாத்திரத்துக்குப் பழைய போர்வை சுற்றுகிறார்கள், பெங்களூரில் அடுப்போரம் ஒதுக்குகிறார்கள், ஊட்டியில் வேண்டிக்கொள்கிறார்கள். போர்வையில்லாமல் தூங்க முடியாத ஊர் ஒருவருக்குச் சொந்த ஊராகாது. இங்கும் மாவு பொங்காமல் போவதுண்டே எனின், உண்டு. குளிரூட்டி ஓடும் அறையில் வைத்த மாவு அது. (ஒப்பிடுக: மேற்படி தூக்கு, மறுநாள் இரவு, கூடத்து மேசை, விருந்தினர் படுத்திருந்தமையால் குளிரூட்டி 23 பாகை, கறை இல்லை, காலையில் ரொட்டி.)

அளவு குறித்த சச்சரவை ஏட்டுச்சுவடி முறையில் தீர்த்துவிடலாம். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது மூலபாடம். மூன்றுக்கு ஒன்று என்பது மிக்சியில் அரைப்போர் கொண்ட பாடபேதம். வெந்தயம் பழைய இடைச்செருகல். அவலும் ஜவ்வரிசியும் பிற்காலத்தவை. சமையல் சோடா கைப்பிழை. ஒரு தடவை அடுப்பிலேற்றி இறக்குவதை நம் வீடுகளில் 'ஒரு ஈடு' என்கிறோம். வைணவர் திருவாய்மொழிக்கு எழுதிய பேருரைக்கும் 'ஈடு' என்றே பெயர். அதன் அளவோ முப்பத்தாறாயிரப்படி. படி அரிசிக்கணக்கும் ஈடு இட்லிக்கணக்கும் ஒரே தொடரில் வந்திருப்பதை இதுவரை உரைகாரர் எவரும் கவனிக்கவில்லை. அந்தப் 'படி' எழுத்தெண்ணும் அலகு என்பார்கள். சொல்லட்டும்.

இனி, நெல்லும் விளையாத, உளுந்தும் விளையாத தீவு எப்படித் தாயகமாகும் என்பார்க்கு விடை: எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லாமல் ஜூரோங் தீவில் எண்ணெய் சுத்திகரித்து உலகுக்கு அனுப்பும் நாடு இது. மூலப்பொருளை வெளியிலிருந்து வாங்கி இங்கே பொங்கவைப்பதே இம்மண்ணின் இயல்பு. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு வரி போட்டது. அந்த மாதம் முடிவதற்குள் சிங்கப்பூருக்கு 50,000 டன் அனுப்ப இசைந்தது. தாயகத்துக்குச் செலுத்திய திறை என்றல்லாது இதை வேறெப்படி விளக்குவது? வந்தது வெள்ளை அரிசி, இட்லிக்கு ஆவதோ புழுங்கல் என்பது உண்மை. திறை செலுத்துவோர் நல்லதைத் தம்மிடமே வைத்துக்கொள்வர்.

ஊர்ப்பெயர்ச் சான்று இன்னும் வலியது. தேக்கா என்பது ஹொக்கியன் மொழியில் மூங்கிலடி. குடலை இட்லிக்கு மூங்கில் வேண்டும். ஆதலால் தேக்கா குடலைக் காடு. அதே சந்தையின் மலாய்ப் பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக்கொட்டில்; பக்கத்துத் தெரு இன்றும் பஃபலோ சாலை. எருமை எதற்கு? இரண்டாம் சாவுண்டராயரின் 'லோகோபகாரம்' உளுந்தை மோரில் ஊறப்போடச் சொல்கிறது, அந்த மோருக்கு. அந்நூலின் காலம் ஏறத்தாழ 1025. இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் கொண்டதும் 1025. தற்செயல் என்ற சொல்லுக்கு ஆய்வேட்டில் இடமில்லை. கடாரம் என்பதற்கே அகன்ற கொப்பரை என்றும் பொருளுண்டு என்பதை நினைவூட்டி அடக்கத்தோடு அடுத்த சான்றுக்குச் செல்கிறோம்.

அது கற்சான்று. 1819-இல் சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் காடு வெட்டியபோது சுமார் 10 அடி உயரப் பாறை ஒன்று அகப்பட்டது. இரண்டாகப் பிளந்து, இரு பாதியும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து நின்றது. உட்பக்கத்தில் ஏறக்குறைய 50 வரி எழுத்து. ஒன்றோடொன்று சாய்ந்த இரு கல் என்றால் தமிழனுக்கு நினைவு வருவது என்ன? எழுத்து தேய்ந்திருந்தது உட்பக்கத்தில். அரைபடும் பக்கமும் உட்பக்கந்தான். மலாய்ப் பழநூலாகிய 'செஜாரா மெலாயு' சொல்லும் பாடாங் என்னும் பலசாலி இறந்தபோது கலிங்க மன்னன் கல் அனுப்பினானாம். கல்லைக் கடல்கடத்தும் அப்பழக்கம், புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டரை விமானப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவோரிடம் இன்றும் காணப்படுகிறது. (காண்க: சாங்கி விமான நிலையம், பெட்டி எடைபோடும் இயந்திரம், 30 கிலோ வரம்பு மீறல், சேலைகளுள் மூன்று திரும்பிச் சென்றன, குழவி வந்தது.) இவற்றைவிடப் பெரிய சான்று 1837-இல் வெளியானது. வில்லியம் பிளாண்ட் என்பவர் அந்தக் கல்லைப் பலமுறை உற்றுப்பார்த்தும் எழுத்து பிடிபடவில்லை. கடைசியில் பதமாகப் பிசைந்த மாவை அதன்மேல் அப்பிப் பார்த்தார். அழிந்துபோனவை என்று தோன்றிய எழுத்துகளும் தெளிவாகத் தெரிந்தன. இது கட்டுக்கதை அன்று, அவரே எழுதிவைத்தது. கல்லுக்கு மாவைக் காட்டினார். கல் அடையாளம் கண்டுகொண்டது. பிளாண்ட் பிசைந்தது கோதுமையா, அரைத்த உளுந்தா என்பதே இத்துறையில் எஞ்சியுள்ள ஒரே கேள்வி. ஆறே ஆண்டில், 1843-இல், முகத்துவாரத்தை அகலப்படுத்த வேண்டுமென்று அக்கல்லை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

எஞ்சிய துண்டை இன்றுவரை யாரும் முழுதும் வாசித்ததில்லை. அதுவே அதன் பெருமை. வாசித்த கல்லை ஒருவர்தான் மேற்கோள் காட்ட முடியும், வாசிக்காத கல்லை எல்லோரும் காட்டலாம். இயன் சின்க்ளேர் 2019-இல் அதில் 'கேசரிவ' என்னும் எழுத்துகளைக் கண்டு, சோழர் பட்டமாகிய பரகேசரிவர்மன் என்பதன் பகுதியாகலாம் என்றார். கவனமான அறிஞர், 'ஆகலாம்' என்றதோடு நின்றார். நமக்கு அந்தத் தளை இல்லை. எழுத்து 'கேசரி' என்று நிற்க, முன்னும் பின்னும் இல்லாததை இட்டு நிரப்புவானேன்? காலைச் சிற்றுண்டியில் கேசரி தனித்து வருவதில்லை; ஆகவே கல்லின் உடைந்த பகுதியில் இட்லி இருந்தது. கேசரி என்றால் சிங்கம். சிங்கப்பூர் என்றால் கேசரிப்பூர். இளவரசன் சாங் நீல உத்தமன் அக்கரையில் ஒரு பாறைமீதேறிப் பார்த்தபோது இத்தீவின் மணல் துணி விரித்தாற்போல் வெளுத்துத் தெரிந்தது என்று 'செஜாரா மெலாயு' கூறும். தட்டில் துணி விரித்து மாவு ஊற்றுவோர்க்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கரையிறங்கியதும் அவன் கண்டு சிங்கமென்று கொண்ட விலங்குக்குச் செந்நிற உடல், கருந்தலை, வெண்மார்பு. சிங்கத்துக்கு இந்நிறம் இல்லையே என்று நூற்றாண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள், சாம்பாரையும் தாளித்த கடுகையும் நடுவே மிதப்பதையும் ஒருசேரப் பார்த்தவர்களாக இருந்திருக்க முடியாது. (காண்க: அரைவட்டக் கிண்ணம், மேற்பரப்பு, வடகிழக்கு ஓரம், கறிவேப்பிலைக்குச் சற்றுக் கீழே, ஆறிய பிறகு நிறம் மாறும், ஆதலால் சுவடியைச் சூட்டோடு வாசிக்க. இரண்டாம் பதிப்பில் சின்ன வெங்காயம் சேர்க்கப்பட்டுள்ளது.)

ஒரே ஒரு மறுப்பு எஞ்சுகிறது: இப்போது யார் வீட்டில் அரைக்கிறார்கள், கடையில் மாவுப் பொட்டலம் கிடைக்கிறதே என்பது. பொட்டலத்தின் மீது தேதி அச்சிட்டிருக்கிறது. தேதி உள்ள ஆவணம் இவ்வாய்வுக்கு ஒவ்வாது.

மேற்சொன்ன கல்துண்டு ஸ்டாம்ஃபோர்டு சாலையிலுள்ள சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிளாண்ட் விட்ட இடத்திலிருந்து ஆய்வைத் தொடர, ஓர் இரவு மட்டும் அக்கல்லை இரவல் தர வேண்டும். நாலுக்கு ஒன்று அளவில் மாவு தயாராக இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.